குக்கருக்குப் புளி, பாய்லருக்கு உப்பு!

எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு தோல் படிந்திருக்கும். குக்கருக்குள்ளும் அப்படித்தான். மாதம் ஒருமுறை அம்மா புளியைக் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டுத் தேய்ப்பார். உப்புத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தும் எல்லா வீடுகளுக்கும் பழகிய வேலை இது. திருப்பூர் ராயபுரத்தில் ஒரு அயர்னிங் யூனிட்டின் பின்பக்கம் நின்றபோது எனக்கு அந்தப் பாத்திரம்தான் ஞாபகம் வந்தது.

நான் போனதென்னவோ பனியனுக்கு அயர்ன் போடும் அக்காக்களைப் பற்றி எழுதத்தான். (அது அடுத்த வாரம் வரும்.) அயர்ன் பெட்டிகளுக்கு நீராவி கொண்டுபோகும் குழாயைப் பார்த்துக்கொண்டே நடந்ததில், தகரக் கொட்டகைக்குள் விறகில் எரியும் ஒரு சின்ன பாய்லர் முன்னால் போய் நின்றேன். திடீரென்று 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இரண்டடி பின்னால் குதித்துவிட்டேன்.

"பயப்படாதீங்க கண்ணு... சத்தம் வந்தாத்தான் நல்லது" என்று சிரித்தார் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

அவர் செய்துகொண்டிருந்தது தினசரி வேலை. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, பாய்லரின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதன் கீழ் வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே அடித்துவிட்டு மூடுகிறார். மூடியதும் தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்கு ஏறினால் வழி சுத்தம். மெதுவாக ஏறினால் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அடைத்துவிட்டால், உள்ளே தண்ணீர் குறைந்த பிறகும் கண்ணாடி பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பொய் சொல்கிற கண்ணாடியை நம்பி அடுப்பில் விறகு போடுவதைவிட ஆபத்து இந்தக் கொட்டகையில் வேறு இல்லை.

ஏன் அத்தனை பயம்? 5 கிலோ அழுத்தத்தில் இருக்கும் பாய்லருக்குள் தண்ணீர் சுமார் 158 டிகிரி சூட்டில் இருக்கிறது. இரும்பு விட்டுக்கொடுத்தால் அழுத்தம் ஒரு நொடியில் போய்விடும். அந்தச் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு அப்போதே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். தடுத்து நிற்கத் தகரத்தால் முடியாது.

கொட்டகையின் மூலையில் உப்பு மூட்டைகள். சாயத்துக்கோ என்று நினைத்தேன். இல்லை, அது சாஃப்ட்னருக்கு. கேன் மாதிரி உயரமாக நிற்கும் அந்தத் தொட்டிக்குள் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் இருக்கின்றன. போர் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலை ஓட்டிக் கழுவ வேண்டும். கழுவினோமா, சரியாகக் கழுவினோமா என்று பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் கிட் உண்டு. ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து. நீலமானால் சரி. திராட்சை நிறச் சிவப்பு என்றால் கடினத்தன்மை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் லிட்டருக்கு 600 மில்லிகிராம் கடினத்தன்மை வரை குடிக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. சின்ன பாய்லருக்கு 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். மனித வயிறு பொறுத்துக்கொள்வதை இரும்பு பொறுப்பதில்லை. உப்புப் படிந்தால் நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு போர்வை விழுந்த மாதிரி. விறகு கூடுதலாகச் செலவாகும். அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், தண்ணீர் தொட்டுக் குளிர்விக்காத இரும்பு சூடேறி, இளகி, புடைத்துக்கொண்டு வரும்.

ஆனால் சாஃப்ட்னர் கழுவும் நேரத்துக்கு பாய்லருக்குப் புதுத் தண்ணீர் கிடையாது. தொட்டியில் முன்பே பிடித்து வைத்திருக்க வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவது முதலில் இந்த வேலையைத்தான்.

அடுத்து பம்ப். அண்ணன் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார், அம்மாக்கள் காய்ச்சல் பார்ப்பது போல. ஓடாத பம்ப்பின் வெளிக்குழாய் சுட்டால், தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வு கசிகிறது என்று அர்த்தம். ஓடும் பம்ப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வந்தால், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாக வருகிறது, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. உள்ளே ஆவிக் குமிழிகள் உடைந்து இரும்பை அரிக்கும் சத்தம் அது.

விறகு பாய்லரில் இன்னொரு சிக்கல். கரன்ட் போனால் பம்ப் நிற்கும். நெருப்பு நிற்காது. எண்ணெயோ கேஸோ என்றால் சுவிட்சில் அணைத்துவிடலாம். எரிகிற கட்டைக்கு சுவிட்ச் எங்கே? அதனால்தான் மாற்று பம்ப்பும் ஜெனரேட்டரும் வேண்டும். சில இடங்களில் இன்ஜெக்டர் வைத்திருப்பார்கள். பாய்லரின் சொந்த ஆவியே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் கருவி அது. பிரான்ஸின் ஹென்றி ஜிஃபார்டு 1858-ல் கண்டுபிடித்தது, ரயில் இன்ஜின்களில் நீண்டகாலம் இருந்தது. எது இருந்தாலும் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் பச்சைத் தண்ணீரை உள்ளே விடக் கூடாது. முதலில் நெருப்பைக் குறைக்க வேண்டும்.

1863-ல் கொல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்ததற்குப் பிறகே நம் நாட்டில் இதற்குச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே சட்டம் 1923-ல். அதற்குப் பதிலாகப் புதிய பாய்லர் சட்டம் 2025-ல் வந்திருக்கிறது. அதிலும் 25 லிட்டருக்குக் குறைந்தவை வெளியேதான். அதற்கு மேல் உள்ளவற்றுக்கு ஆய்வும் சான்றிதழும் உண்டு. ஆனால் ஆய்வு வருவது ஏதோ ஒரு நாள். மற்ற நாளெல்லாம் இந்த அண்ணன்தான்.

எனக்கு நெருடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெசினைக் கழுவிய உப்புத் தண்ணீர் எங்கே போகிறது? கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன ஊர் இது. சாய ஆலைகள் இப்போது உப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகின்றன. சின்ன கொட்டகையின் உப்புத் தண்ணீர் சாக்கடைக்குப் போனால் அதுவும் நொய்யல் கணக்கில்தான் சேரும். கேட்டேன். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத மொதலாளிகிட்டத்தான் கேக்கோணுங்க" என்றார்.

கிளம்பும்போது ஒரு நீள நோட்டைக் காட்டினார். தேதி, அழுத்தம், கண்ணாடி அடித்த நேரம், சொட்டு டெஸ்ட், பம்ப் மாற்றியது. எல்லாம் அவர் கையெழுத்து. ஒரே ஒரு தேதிக்கு நேராக வரி முழுக்கக் காலி.

"அன்னிக்கு எம்புள்ளைக்குக் கல்யாணமுங்க."

"அப்ப யாருண்ணா பாய்லரைப் பாத்தாங்க?"

"ஆருமில்லீங்க. நான் இல்லாம பத்த வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டேன். சரக்கு ஒரு நாள் தள்ளித்தான் போச்சுங்க."