ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர்: முதலில் மீட்டர், பிறகு பாட்டு

கம்ப்யூட்டர் வாங்கிய கொஞ்ச நாளிலேயே ஹெட்போனில் சத்தம் போதவில்லை என்று பலர் சொல்லத் தொடங்குவார்கள். இதற்குத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயர் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. 16 அல்லது 32 ஓம்ஸ் ஹெட்போனுக்குக் கம்ப்யூட்டரின் ஜாக்கே போதும். 250, 300 ஓம்ஸ் கொண்ட ஸ்டுடியோ ரக ஹெட்போன்களுக்குத்தான் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். ஆனாலும் வீட்டிலேயே ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஒரே நிபந்தனை: சால்டரிங் அயர்ன் வாங்கும் அன்றே ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிட வேண்டும்.

புதியவர்களுக்கு ஏற்றது சிமோய் சர்க்யூட். சூ மோய் என்பவர் வடிவமைத்ததால் இந்தப் பெயர். சின்ன மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் வீட்டுக் கரண்ட் பக்கமே போக வேண்டியதில்லை. ஒரே ஐ.சி.க்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள், காதுக்கு ஒன்று. பேட்டரியின் 9 வோல்ட்டை இரண்டு 4.7கே ரெசிஸ்டர்கள் சரிபாதியாகப் பிரிக்கின்றன. அந்த நடுப்புள்ளிதான் பாட்டுக்குக் கிரவுண்ட். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கும் அண்ணன் ஒருவர், தான் கட்டிய சிமோயை எடுத்துக்கொண்டு வந்தார். "பாட்டு நல்லாத்தான் கேக்குதுங்க தம்பி. ஹெட்போனைச் சொருகறப்ப மட்டும் டப்புன்னு அடிக்குது. ஐ.சி. போயிருச்சுங்களா?" என்றார்.

ஓவர்லாக் மிஷினில் தையல் விட்டால் யாரும் முதலில் மோட்டாரைக் கழற்றுவதில்லை. நூல், ஊசி, லூப்பர் என்று வரிசையாகத்தான் பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பேட்டரி சரி. நடுப்புள்ளிக்கு மேலே 4.5, கீழே 4.5 வோல்ட், அதுவும் சரி. அடுத்து, ஹெட்போனைச் சொருகாமல் அவுட்புட் ஜாக்கில் மீட்டரை வைத்தேன். 210 மில்லிவோல்ட் டி.சி.! பாட்டு ஓடாதபோது அங்கே ஏறக்குறைய பூஜ்யம்தான் இருக்க வேண்டும். 20 வரை பரவாயில்லை. 50ஐத் தாண்டினால் எந்த ஹெட்போனையும் சொருகக் கூடாது என்பது என் கட்சி. இந்த டி.சி. ஹெட்போன் காயிலில் இடைவிடாமல் ஓடி, டயாஃபிரத்தை ஒரு பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் இன்னும் ஏறினால் காயிலே கருகிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஹெட்போன் அது.

ஐ.சி. கெடவில்லை, ஆள் மாறியிருந்தது. சர்க்யூட்டில் சொல்லியிருப்பது ஓ.பி.ஏ.2134. கடையில் அவருக்குக் கொடுத்தது என்.இ.5532. இதுவும் நல்ல ஐ.சி.தான், கால்களின் வரிசையும் ஒன்றுதான். ஆனால் 2134இன் இன்புட்டில் எஃப்.இ.டி. இருப்பதால் அது இழுக்கும் கரண்ட் கணக்கிலேயே வராது. 5532 சுமார் 200 நானோ ஆம்பியர் இழுக்கும். அது 100கே ரெசிஸ்டர் வழியாகப் போகும்போது 20 மில்லிவோல்ட் உண்டாகிறது. சிமோய் அதை 11 மடங்காக்கினால் 220. மீட்டர் பொய் சொல்லவில்லை, பாருங்கள்!

இரண்டு சேனலிலும் 100கே இருந்த இடத்தில் 10கே போட்டோம். அப்படியே விட்டால் பாஸ் குறைந்துவிடும் என்பதால் இன்புட்டில் இருந்த 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்கினோம். மீட்டர் 20க்கு இறங்கியது, டப் சத்தமும் போனது. செலவு சில ரூபாய்கள். மீட்டர் இல்லாதிருந்தால் ஐ.சி.யை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொரு புகாரும் அடிக்கடி வரும்: 'உய்ங்' என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால், குறை ஆம்ப்ளிஃபயரில் இல்லை.

இனி நடுப்புள்ளிக்கு வருவோம். பேட்டரி வாங்கி மாளவில்லை என்று அதே கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட் எடுக்கச் சிலருக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். யு.எஸ்.பி.யின் மைனஸும் ஆடியோ ஜாக்கின் கிரவுண்டும் கம்ப்யூட்டருக்குள்ளேயே இணைந்திருக்கின்றன. ஆடியோ ஒயரைச் சொருகியதும் உங்கள் நடுப்புள்ளி நேராக மைனஸோடு சேர்ந்துவிடும். ஐ.சி.க்குக் கீழ்ப்பாதி வோல்டேஜே இருக்காது. பாட்டின் பாதி அலை வெட்டுப்பட்டு, கரகரவென்று கேட்கும். ரீசார்ஜபிள் 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கி, ஒன்றை ஓட்டும்போது மற்றதைச் சார்ஜில் போடுங்கள்.