செக் என்னும் பூச்சாண்டி

“செக் கையில இருக்குல்ல, எங்க போயிடப் போறான்? திரும்பினா உள்ளே தூக்கி வெச்சிடலாம்.” திருப்பூரில் பிரின்டிங், காம்பாக்டிங் என்று ஜாப் ஒர்க் செய்பவர்கள் பலரிடம் இந்த வசனத்தைக் கேட்கலாம். தேதி போட்டு வாங்கிய செக்கைப் பீரோவில் வைத்துவிட்டால் பாக்கியே வசூலானது போல ஒரு தெம்பு. பணம் தர வேண்டியவருக்கு இதைவிட வசதியான நம்பிக்கை வேறில்லை.

உள்ளே தூக்கி வைப்பது யார்? போலீஸ் அல்ல. செக் திரும்பினால் பாயும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவுக்கு ஸ்டேஷனில் எஃப்ஐஆர் கிடையாது. பணம் வரவேண்டியவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுத்தில் புகார் தர வேண்டும். குற்றம் நிரூபணமானாலும் சிறை கட்டாயமில்லை, அபராதத்தோடு முடியலாம். ஓநாய்த் தோல் போர்த்திய சிவில் ஆடு என்று உச்ச நீதிமன்றமே 2021இல் இந்த வழக்குகளை வர்ணித்தது. ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். 2019 கடைசியில் நாடெங்கும் தேங்கிக் கிடந்தவை 35 லட்சத்துக்கு மேல்.

மிரட்டலை நம்புகிறவர் நாள் கணக்கைப் பார்ப்பதில்லை. செக் திரும்பியதும் போன் போடுவார். “அண்ணே, ஷிப்மென்ட் போயிடுச்சு, பையர் பணம் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான்” என்று பதில் வரும். தீபாவளி கழியட்டும் என்று இவரும் விடுவார். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த பின் செக் கொடுத்தவருக்கு 15 நாள். அதிலும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டிக் கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம்; நோட்டீஸ் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கின் மூன்று மாத ஆயுளில் மிச்சமிருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, புதிதாகத் தொடங்கலாம். இல்லாவிட்டால் 138 கதை அதோடு சரி. விவரமான பார்ட்டிக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

செக்கை நம்பி டெலிவரி சலானில் (டிசி) கையெழுத்து வாங்காமல் விடுவது இன்னும் மோசம். கடனுக்காகத்தான் செக் தரப்பட்டது என்று சட்டம் முதலில் நம் பக்கம் ஊகிக்கும், உண்மைதான். ஆனால் “துணி டேமேஜ், அது சும்மா செக்யூரிட்டிக்குக் கொடுத்தது” என்று எதிராளி ஓரளவு ஆதாரம் காட்டிவிட்டால் பில்லும் டிசியும்தான் பேச வேண்டும்.

நோட்டீஸைப் பார்த்ததும் பணம் தருகிறவர்கள் உண்டு. தொழிலில் தொடர்ந்து நிற்க வேண்டியவர்கள் அவர்கள். யூனிட்டை மூடிவிட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்பினாலும் கல்லாவில் என்ன விழும்?

கடன் பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்குப் போடலாம். அதைவிடக் கூர்மையான ஆயுதம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் இருக்கிறது. குறு, சிறு யூனிட்டுக்குத் தர வேண்டிய பணத்துக்கு எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாந்திரக் கூட்டு வட்டி. இந்தப் புகாரை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு அதை எதிர்த்துப் போக வேண்டுமானால், பணம் தர வேண்டியவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கோர்ட்டில் கட்ட வேண்டும். இதற்கு உதவும் உத்யம் பதிவுச் சான்றிதழ் நம் யூனிட்டுகள் பலவற்றில் இருக்கிறது. பேங்க் லோனுக்காக எடுத்தது. லோன் கிடைத்ததும் ஃபைலுக்குள் போய்விட்டது.