நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை... உட்கார்ந்து போடுங்க!

மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகி, உட்கார்ந்ததும் விட்டுவிடுகிறதா? ஆஞ்சைனாவாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். சுருங்கிய ரத்தக்குழாயால், இதயம் கேட்கும் ஆக்சிஜனைக் கொடுக்க முடிவதில்லை.

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை அடைப்பைக் கரைக்கும் என்று எங்கள் தாத்தா நம்பினார். கரைக்காது. முக்கியமாக அது சிரைகளை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கிறது. சுமை குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறையும். கூடவே ரத்த அழுத்தமும் சட்டென இறங்கும். நின்றபடி போட்டால் தலைசுற்றும் (தாத்தா விழுந்தே விட்டார்). சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம் ஆகாதவர்கள் தொடவே கூடாது.

மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் இதயத்துடிப்பைக் குறைத்துத் தேவையைக் குறைக்கின்றன. வலிதான் இல்லையே என்று திடீரென நிறுத்தாதீர்கள். மாத்திரை வைத்து 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லையா? உடனே 108.