தூத்துக்குடியை வளர்த்த தண்டவாளம்

தூத்துக்குடி கடலால் மட்டும் வளர்ந்த ஊர் என்பது பாதி உண்மைதான். முத்துக்குளிப்பும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அதற்குப் பெயர் தேடித் தந்தார்கள்; ஆனால் பழைய துறைமுகத்தில் ஆழமில்லை. கப்பல்கள் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரமிட, பருத்திப் பொதிகளைத் தோணிகளில் கொண்டுபோய் ஏற்றினார்கள். அப்படியிருந்தும் வணிகம் பெருகியதற்கு முக்கியக் காரணம், மதுரையிலிருந்து 1876-இல் வந்து சேர்ந்த ரயில். கரிசல் காட்டுப் பருத்தி அந்தத் தண்டவாளத்தில்தான் கடலுக்குப் போனது. கோரல் நூற்பாலை அதன்பின் எழுந்தது, 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த வணிகத்தை நம்பித்தான். பெரிய துறைமுகம் என்ற தகுதி 1974-இல்தான் கிடைத்தது.

ஆகவே மதுரை – அருப்புக்கோட்டை – தூத்துக்குடி புதிய ரயில் பாதை முடியாமல் இழுபறியாகக் கிடப்பது துறைமுகத்துக்கும் இழப்பு. கோவில்பட்டி வழியே இரட்டைப் பாதை இருக்கிறதே, நான்குவழிச் சாலையும் இருக்கிறதே என்பார்கள். சாலை இருப்பது உண்மைதான். மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் தூத்துக்குடி பேருந்துக்கும் குறைவில்லை. ஆனால் அருப்புக்கோட்டை நெசவுக்கும் விளாத்திகுளம் மிளகாய் வற்றலுக்கும் லாரி வாடகைதான் கதி. இரட்டைப் பாதையோ இந்த ஊர்களைத் தொடாமல் மேற்கே ஒதுங்கிப் போகிறது. பயணிகள் வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 1876-இன் பாதையே வந்திருக்காது. மத்திய, மாநில அரசுகள் ஒருவர்மீது ஒருவர் பழிபோடுவதை விட்டு, நிலமெடுப்புக்கும் நிதிக்கும் காலக்கெடு அறிவிக்க வேண்டும்.