வீட்டில் ஆள் இருந்தால் போதுமா?

சளிக்கிருமியை மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொள்ள 276 பேர் முன்வந்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு அது. 1997இல் வெளிவந்தது. எல்லோரும் 18 முதல் 55 வயது வரையிலான ஆரோக்கியமான மனிதர்கள். கிருமியை விட்ட பிறகு அவர்களைத் தனியே தங்கவைத்து, யாருக்குச் சளி பிடிக்கிறது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று கவனித்தார்கள்.

அதற்கு முன்பே அவர்களிடம் ஒரு விவரம் கேட்டு வாங்கியிருந்தார்கள். கணவன் அல்லது மனைவி, பெற்றோர், மாமனார் மாமியார், பிள்ளைகள், மற்ற நெருங்கிய உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், உடன் படிப்பவர்கள், தொண்டுப் பணியில் கூட இருப்பவர்கள், மன்றம் சங்கம் என்று சேர்ந்திருப்பவர்கள், வழிபாட்டுக் குழுவினர் என 12 வகை உறவுகள். இவற்றில் எத்தனை வகையினரோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஆறு வகைக்குக் குறையாமல் பழகுகிறவர்களோடு ஒப்பிட்டால், ஒன்று முதல் மூன்று வகையோடு நின்றுவிட்டவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம் 4.2 மடங்காக இருந்தது. புகைபிடித்தல், தூக்கக் குறைவு போன்றவையும் சளிக்குக் காரணமாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றை வைத்து இந்த இடைவெளியை முழுதாக விளக்க முடியவில்லை.

கோஹன் இங்கே முக்கியமாக எண்ணியது வகைகளை. அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைக்கிறது. வீடு நிறைய உறவினர் இருக்கிற ஒருவருக்கும் அந்தக் கணக்கில் இரண்டு மூன்று வகைக்கு மேல் சேராமல் போகலாம். உறவென்று சொல்லிக்கொள்ள ஒரு தங்கை மட்டுமே இருக்கிற இன்னொருவர், பக்கத்து வீட்டாரோடும் சிநேகிதர்களோடும் பஜனைக் குழுவோடும் நூலக வாசகர் வட்டத்தோடும் பேச்சுவார்த்தை வைத்திருந்தால் முதலாமவரை எளிதாகத் தாண்டிவிடுவார்.

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட் 2010இல் இதே திசையில் இன்னும் பெரிய கணக்கு ஒன்றைப் போட்டார். 148 ஆய்வுகள், 3,08,849 பேர், சராசரியாக ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகள். சமூக உறவுகள் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்ற முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதே கட்டுரைக்குள் இருக்கும் வேறொரு கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஒருவர் தனியாக வசிக்கிறாரா, யாரோடாவது சேர்ந்து வசிக்கிறாரா என்பதை மட்டும் அளந்த ஆய்வுகளில் அந்த வாய்ப்பு விகிதம் 1.19தான். குடும்பம், நட்பு, அக்கம்பக்கம், பொது ஈடுபாடு என்று பல தரப்புத் தொடர்புகளையும் சேர்த்து அளந்த ஆய்வுகளில் அது 1.91. நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போய் நாலு பேரோடு பழகுவார்கள் என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். தொடக்கத்தில் உடல்நிலை எப்படி இருந்தாலும் இந்தத் தொடர்பு காணப்பட்டது என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. காரணத்தை ஐயமற நிறுவிவிட்டதாக ஆகாது என்றாலும் ஒதுக்கித் தள்ளக்கூடியதும் அல்ல.

நம் வீடுகளில் வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வாக்கியம் கட்டாயம் வரும். "அவருக்கென்ன குறை, மகன் வீட்டோட இருக்காரு." கவலைப்பட வேண்டியவர்கள் தனியாக இருப்பவர்கள், குடும்பத்தோடு இருப்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். 1.19க்கும் 1.91க்கும் நடுவே இருக்கிற தூரத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பின் மகன் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். நல்ல மகன், அன்பான மருமகள், தனி அறை, நேரத்துக்கு மாத்திரை. ஊரில் அவருக்குக் காலை ஐந்தரைக்கே பொழுது தொடங்கிவிடும். டீக்கடையில் பேப்பரை முதலில் பிரிப்பது யார் என்று இன்னொருவரோடு தினமும் ஒரு சின்னப் போட்டி. முடிதிருத்தும் கடையில் அரை மணி. வழியில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகிறவரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. இவர்களில் ஒருவர்கூட நெருங்கிய நண்பர் இல்லை. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போனதுகூடக் கிடையாது. சென்னைக்கு வந்த பிறகு அவர் நாளெல்லாம் பேசுவது மூன்று பேரோடு, அதுவும் அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில். "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க தம்பி, ஆனா பேச ஆளில்லை" என்று அவர் சொன்னபோது மகனுக்கு வருத்தமாகிவிட்டது. தன்மேல் குறை சொல்வதாக மகன் நினைத்திருக்கக்கூடாது. அந்தக் குறையை எந்த மகனாலும் தீர்க்க முடியாது.

அம்மாக்களின் இழப்பு இதைவிடப் பெரியது, கண்ணுக்குத் தெரிவதும் குறைவு. கீரைக்காரம்மாவிடம் விலை பேசுவது, பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டே அவள் மகளின் படிப்பை விசாரிப்பது, மாவு மில்லில் முறைக்குக் காத்திருப்பது, ரேஷன் கடை வரிசை, செவ்வாய் வெள்ளி கோயில். இவற்றையெல்லாம் நாம் வேலை என்று நினைத்தோம். அம்மாவுக்கு இனி அந்தச் சிரமம் வேண்டாம் என்று செயலியில் காய்கறி வரவழைத்தோம். சிரமம் போனதோடு அந்த நான்கைந்து முகங்களும் போய்விட்டன.

இப்படிப்பட்ட முகப்பழக்கத்தையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டவர் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம். கனடாவின் டொரொண்டோவில் படித்துக்கொண்டிருந்த நாட்களில், வழியில் ஹாட் டாக் விற்கும் ஒரு பெண்மணியைப் பார்த்துச் சிரிப்பதும் கையசைப்பதும் அவருக்கு வழக்கம். தான் இந்த இடத்துக்கு உரியவள் என்ற உணர்வை அந்தக் கையசைப்பு ஏன் தருகிறது என்ற கேள்வியைத்தான் அவர் ஆய்வாக்கினார். உளவியலாளர் எலிசபெத் டன்னோடு சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் எண்ணும் பொத்தான் கருவிகளைக் கொடுத்தார். நெருங்கியவரோடு பேசினால் ஒன்றையும், மேலோட்டமாகத் தெரிந்தவரோடு பேசினால் மற்றொன்றையும் அழுத்த வேண்டும். மேலோட்டமாகத் தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். வான்கூவரில் ஒரு காபிக் கடையிலும் சோதித்தார்கள். சில்லறையைத் தயாராக வைத்துக்கொண்டு வேலையை முடித்து வா என்று சிலரிடமும், காபி தருகிறவரைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வா என்று மற்றவர்களிடமும் சொன்னார்கள். பேசியவர்களே மனநிறைவோடு வெளியே வந்தார்கள்.

இவ்வளவு எளிது என்றால் நாம் ஏன் பேசுவதில்லை? நம் கணிப்பு தப்பாக இருக்கிறது என்பதே ஆய்வுகள் தரும் பதில். சிகாகோவில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் ரயில் பயணிகளைப் பிரித்து, சிலரை முன்பின் தெரியாதவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியே உட்காரச் சொன்னார்கள். பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. பேசிப் பார்க்காமல் ஊகிக்க மட்டும் கேட்கப்பட்டவர்களோ, தனியே உட்காருவதுதான் இனிமை என்று நேர்மாறாகச் சொன்னார்கள். எரிகா பூத்பி, கஸ் கூனி, சாண்ட்ஸ்ட்ரம், மார்கரெட் கிளார்க் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. முதல்முறை பேசிக்கொண்ட இருவரைத் தனித்தனியே கேட்டால், தன்னை அந்த மனிதருக்கு அவ்வளவாகப் பிடித்திருக்காது என்றே ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். உண்மையில் எதிரில் இருந்தவருக்கு அவர்கள் நினைத்ததைவிட அதிகமாகவே பிடித்திருந்தது. கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடம்கூட இந்த எண்ணம் பல மாதங்கள் விலகாமல் இருந்தது.

இந்த இடத்தில் நான் சிகாகோவை விட்டு நம் ஊருக்கு வந்தாக வேண்டும். நம் பக்கம் முன்பின் தெரியாத இருவரின் பேச்சு பெரும்பாலும் எப்படித் தொடங்குகிறது? "எந்த ஊரு?" அடுத்தது, "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் அடுத்தது, "யாரு வீடு?" மூன்றாவது கேள்விக்குள் எதிரில் இருப்பவரின் சாதி தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகு பேச்சு தொடர்வதும் அறுந்துபோவதும் பதிலைப் பொறுத்தது. மேலே நான் ஆசையாக விவரித்தது போன்ற டீக்கடைகளின் பெஞ்சில் உட்காரவிடாமல், தனிக் குவளையில் டீ கொடுத்து நிற்கவைக்கப்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு, யார் எவர் என்று கேட்காத நகரத்தின் மௌனம் ஒரு விடுதலை. பெண்களுக்கும் அந்த பெஞ்சில் இடமில்லை. பேருந்தில் பக்கத்தில் வந்து பேச்சுக்கொடுக்கும் ஆணை ஒரு பெண் முறைப்பது கணிப்புப் பிழை அல்ல, அனுபவம். ஊரில் எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள் என்று ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இதை எழுதாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஆனாலும் ஆய்வுகளைத் திரும்பப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அவற்றில் பேச்சு பலன் தருவதற்கு வேர் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. வான்கூவரில் அது ஒரு சிரிப்பும் ஒரு வார்த்தையும். துருக்கியில் குல் குனைதினும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையில், வண்டி ஓட்டுநருக்கு வணக்கமும் நன்றியும் நல்வாழ்த்தும் சொன்ன பயணிகளின் மகிழ்ச்சி கூடியது. 2022இல் வெளிவந்த ஆய்வில் சாண்ட்ஸ்ட்ரம் மாணவர்களுக்குத் தினமும் ஒரு புதியவரோடு பேசும் பணி கொடுத்தபோது, கவனத்தை ஈர்க்கும் காலணி அணிந்தவரோடு பேசு என்பதுபோல எளிமையான குறிப்புகளே தரப்பட்டன. ஐந்து நாளில் அவர்களுடைய தயக்கம் குறைந்தது, அடுத்த வாரமும் குறைந்தே இருந்தது. பிறப்பைத் தொடாமல் பேசுவதற்குக் கண்முன்னே எவ்வளவோ இருக்கிறது. மழை இருக்கிறது, விலைவாசி இருக்கிறது, கையில் உள்ள குழந்தை இருக்கிறது.

தனிமை பணக்கார நாடுகளின் நோய் என்ற எண்ணத்தையும் விட்டுவிடலாம். உலக சுகாதார அமைப்பின் சமூகத் தொடர்புக்கான ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, குறைந்த வருமான நாடுகளில் 24 சதவீதம் பேரும் உயர் வருமான நாடுகளில் 11 சதவீதம் பேரும் தனிமையை உணர்வதாகச் சொல்கிறது.

நெதர்லாந்தில் யும்போ என்ற பல்பொருள் அங்காடி 2019இல் ஒரு கடையில் அரட்டைக்கென்றே ஒரு பில் கவுண்டர் திறந்தது. அவசரமில்லாதவர்கள் அந்த வரிசையில் நின்று பணம் கட்டலாம், பணம் வாங்குகிறவர் நிதானமாகப் பேசுவார். வரவேற்பைப் பார்த்து அதைப் பல கிளைகளுக்கு விரித்தார்கள். வரிசையைச் சுருக்குவதே சேவை என்று எல்லாக் கடைகளும் நம்பும் காலத்தில், மெதுவான வரிசையைத் துணிந்து வைத்தார்கள்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் பொருள் கொண்டுவருகிறவர்களும் தனி லிஃப்டில் போக வேண்டும் என்று பலகை வைக்கிறோம். எட்டாவது மாடியில் பேச ஆளில்லாமல் இருக்கும் பெரியவரும், ஒரு நாளைக்கு ஐம்பது கதவு தட்டி ஒருவரிடமும் ஒரு வார்த்தை வாங்காத இளைஞனும் சந்திக்கக்கூடிய சில நிமிடங்களை அந்தப் பலகை தடுத்து வைத்திருக்கிறது. பலகையின் காரணமும் டீக்கடைத் தனிக் குவளையின் காரணமும் வேறுவேறு என்று என்னால் நினைக்க முடியவில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இந்த மாதமே எழுந்து நின்று அதைக் கழற்றச் சொல்லுங்கள். பெற்றோரை ஊரிலிருந்து அழைத்துவரப் போகிறவர்கள், அறையும் மருத்துவமனையும் பார்ப்பதோடு, வீட்டிலிருந்து அவர்கள் தாமாக நடந்துபோகும் தூரத்தில் டீக்கடையோ காய்கறிக் கடையோ பூங்கா பெஞ்சோ இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் சில நாட்கள் கூடவே போய், "இவங்க எங்க அம்மா, இனி இங்கதான் இருப்பாங்க" என்று அங்கே சொல்லிவிட்டு வாருங்கள்.