சிவப்புக் கலர் ரிப்போர்ட்டும் எடை குறைஞ்ச பையனும்

1/ போன வாரம் ஓபி-க்கு ஒரு அம்மா வந்தாங்க. நாலு வயசுப் பையனுக்கு வயித்துவலின்னு எங்கேயோ எடுத்த "உணவு ஒவ்வாமை" ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில. பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு எல்லாமே சிவப்புக் கலர். நாலு மாசமா எதையும் கொடுக்கல. வலி போகல. எடை ஒன்றரை கிலோ போயிருச்சு.

2/ அந்தப் பரிசோதனை அளப்பது ஐஜிஜி என்ற ஆன்டிபாடியை. உடனடி அலர்ஜிக்குக் காரணம் ஐஜிஇ. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். மொத்த வியாபாரமும் அந்த எழுத்துலதான் நடக்குது.

3/ ஒரு உணவைத் தொடர்ந்து சாப்பிட்டாலே அதுக்கு ஐஜிஜி உருவாகும். அது இயல்பு, நோய் இல்லை. தினமும் பருப்புசாதம் சாப்பிடுற பையனுக்கு "பருப்பு பாசிட்டிவ்"னா, பையன் பருப்பு சாப்பிடுறான்னு அர்த்தம். அதைச் சொல்ல அவன் அம்மா போதுமே!

4/ இது என் சொந்தக் கருத்து இல்லீங்க. ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008-லயும், கனடா அமைப்பு 2012-லயும் இந்த டெஸ்ட்டை வெச்சு உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லிட்டாங்க.

5/ அப்போ அலர்ஜியால வயிறு பாதிக்காதா? நிச்சயம் பாதிக்கும். சாப்பிட்ட சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, வயித்துவலி வந்தா ஐஜிஇ அலர்ஜியைச் சந்தேகிக்கணும். மூச்சுத்திணறலும் சேர்ந்தா அது எமர்ஜென்சி. பசும்பால் புரத அலர்ஜி இருக்கிற கைக்குழந்தைக்கு மலத்துல ரத்தம் வரலாம்.

6/ பால் குடிச்சா வயிறு உப்புசம், கேஸ், பேதி மட்டும்னா பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காத பிரச்சனை. அது அலர்ஜியே இல்லை. இவங்கள்ல பல பேருக்குத் தயிர் ஒத்துக்கும்.

7/ கோதுமையை நீங்களா நிறுத்துறது இன்னும் ஆபத்து. சீலியாக் நோய்க்கான டெஸ்ட், கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தாத்தான் சரியா காட்டும். முன்னாடியே நிறுத்திட்டா, இருக்கிற நோயும் "இல்லை"ன்னு வந்துடும்.

8/ "நிறுத்தினதும் சரியாயிடுச்சே டாக்டர்?" இருக்கலாம். லிஸ்ட்டைப் பார்த்து பிஸ்கட், கேக், சாக்லேட் எல்லாத்தையும் சேர்த்துதானே நிறுத்தினீங்க? அதுவா தானா சரியாகுற வலியும் உண்டு. அந்தப் பெருமை ரிப்போர்ட்டுக்குப் போகக் கூடாது.

9/ அந்தப் பையனுக்கு என்னதான் பிரச்சனை? மலச்சிக்கல். நாலு நாளைக்கு ஒருதடவை மோஷன். அதுவும் கல்லு மாதிரி. இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட் தேவைப்படல. ரெண்டு கேள்வி, வயித்துல கை வெச்சு ஒரு பரிசோதனை, போதுமா இருந்துச்சு. முன்னாடி எல்லாத்தையும் சாப்பிட்டு எதுவும் ஆகாத பையன்ங்கிறதால, பால், முட்டை, பருப்பு திரும்ப ஆரம்பிச்சாச்சு.

10/ பெற்றோருக்கு: எதைச் சாப்பிட்டான், எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. எந்த ரிப்போர்ட்டையும் விட எங்களுக்கு அதுதான் உதவும். ஏற்கெனவே கடுமையான ரியாக்ஷன் வந்த உணவை மட்டும் வீட்டுல டெஸ்ட் பண்ணிப் பார்க்காதீங்க.

இந்த டெஸ்ட்டை எழுதித் தர்ற சக மருத்துவர்களுக்கு: வளர்ற குழந்தையோட தட்டுல இருந்து பருப்பையும் முட்டையையும் எடுக்கச் சொல்றதும் ஒரு மருந்துச்சீட்டுதான். அதுக்கும் பக்கவிளைவு உண்டு. அந்த ஒன்றரை கிலோவுக்கு யார் பொறுப்பு?