நள்ளிரவில் அணையும் தெருவிளக்கு: இங்கிலாந்து கவுன்சில்கள் மிச்சம் பிடிப்பது யாருடைய செலவில்?

இங்கிலாந்தின் பல ஊர்களில் நள்ளிரவு 12 மணியோ, 1 மணியோ ஆனதும் தெருவிளக்குகள் அணைந்துவிடும். விடியற்காலை 5 மணிவாக்கில்தான் மறுபடி எரியும். மின்வெட்டு இல்லை. உள்ளூர் கவுன்சிலே திட்டம் போட்டுச் செய்கிற வேலை. 'பார்ட் நைட் லைட்டிங்' என்று பெயர்.

இப்படி அணைக்கலாமா?

சட்டப்படி அணைக்கலாம். அங்கே தெருவிளக்கு போடுவது கவுன்சிலின் அதிகாரமே தவிர, கடமை இல்லை. 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளாட்சி நிதியை வெட்டியபோது, முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு போன்ற சட்டக் கடமைகளில் கை வைப்பது கஷ்டமாக இருந்தது. தெருவிளக்கில் அந்தச் சிக்கல் இல்லை. 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு மின்சார விலை எகிறியதும் இந்தப் பேச்சு மறுபடி சூடுபிடித்தது.

திருட்டு கூடுமே?

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆனால் ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராப்பிகல் மெடிசின் தலைமையில் 2015-ல் வெளியான ஆய்வு, இங்கிலாந்து, வேல்ஸில் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் தகவல்களை அலசியது. விளக்கை அணைத்ததால் குற்றமோ விபத்தோ கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

தேம்ஸ் வேலி பகுதியில் நடந்த இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். நள்ளிரவுக்குப் பிறகு இருட்டான தெருக்களில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்குள்ளிருந்து பொருள் திருடுவது குறைந்தது. திருடனுக்கும் வெளிச்சம் வேணும்தானே! ஆனால் அந்தத் திருட்டு விளக்கு எரியும் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்திருக்கலாம் என்றும் அதே ஆய்வு எச்சரிக்கிறது.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கு. போலீஸ் கணக்கில் நடந்த குற்றம்தான் ஏறும். பயந்து வெளியே வராதவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். மருத்துவமனை ஷிஃப்ட் முடித்து 1 மணிக்கு நடந்து போகவேண்டிய நர்ஸ், இருட்டுக்குப் பயந்து டாக்சி பிடித்தால் அங்கே குற்றம் பூஜ்யம். ஆனால் கவுன்சில் மிச்சம் பிடித்த காசு அவர் பையிலிருந்து போகிறது. ரெஸ்டாரன்ட், குடோன் வேலை முடிந்து வருகிற நம்மூர் மாணவர்களுக்கும் இதே கதைதான். பொதுவாக ஊர் மையம், பெரிய சந்திப்பு, சிசிடிவி இருக்கும் இடங்களில் விளக்கை அணைப்பதில்லை. வீடு இருக்கும் கிளைத்தெருதான் இருட்டு.

2021 மார்ச்சில் லண்டனில் சாரா எவரார்ட் கடத்திக் கொல்லப்பட்டதும், தெருவிளக்கு, சிசிடிவிக்கு என்று அரசு கூடுதல் நிதி அறிவித்தது. உண்மையில் அவர் நடந்துபோனது வெளிச்சமான மெயின் ரோட்டில். கடத்தியது ஒரு போலீஸ்காரர். விளக்கு எல்லாவற்றையும் தடுத்துவிடாது. அதற்காக, பயம் வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது.

எல்இடி வந்தபிறகும் அணைக்கணுமா?

கவுன்சில்களின் வாதம் பலவீனமாவது இங்கேதான். இந்தத் திட்டம் சூடுபிடித்த காலத்தில் பெரும்பாலும் ஆரஞ்சு நிற சோடியம் விளக்குகள். அவற்றை அணைத்தால் நல்ல லாபம். எல்இடி அதில் பாதி மின்சாரத்துக்கும் குறைவாகவே எடுக்கும். அதனால் அணைப்பதில் கிடைக்கும் மிச்சமும் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது. போதாததற்கு, எல்இடியின் வெளிச்சத்தை நடுராத்திரியில் மங்கலாக்கி வைக்கலாம். மேலே சொன்ன 2015 ஆய்வில், மங்கலாக்கிய இடங்களில் குற்றம் குறைந்ததற்கே லேசான அறிகுறி தெரிந்தது.

மாற்றுவதற்கு முதலில் பெரிய தொகை வேண்டும் என்பது நிஜம்தான். ஏற்கெனவே எல்இடி போட்டுவிட்ட ஊரிலும் முழுக்க அணைப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

எசெக்ஸ் கவுண்டியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். செலவைக் கீழ்மட்டக் கவுன்சில் ஏற்றுக்கொண்டால் அந்தப் பகுதியில் இரவு முழுக்க விளக்கு எரியும். நிதி இருக்கிற ஊருக்கு இது தீர்வு. இல்லாத ஊர்க்காரர், மொபைல் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.